ஃபிரிட்ஜை 12 டிகிரியில் நிறுத்திய விவரம்

கராஜில் இருக்கும் பழைய ஃபிரிட்ஜ் ஒருவழியாக 12 டிகிரியில் நிலைகொண்டுவிட்டது. கீழ்த்தட்டில் பிட்டர், மேல்தட்டில் குளிர்கால ஏல். இரண்டும் நானே வீட்டில் காய்ச்சிய ஆங்கிலேய பீர் வகைகள், குழாய் வைத்த பத்து லிட்டர் பைகளில். வேண்டும்போது தனித்தனியாக, வேண்டும்போது ஒரே கோப்பையில் கலந்து. அளவுகளும் செலவுக் கணக்கும் மறந்துபோவதற்கு முன் எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் பணமும் சில வார இறுதிகளும் மிச்சமாகும்.

நான் இருப்பது இங்கிலாந்தில், டார்பியில். ரயிலில் கொஞ்ச நேரம் போனால் பர்ட்டன் அபான் ட்ரென்ட் வந்துவிடும். ஜிப்சம் மிகுந்த கிணற்று நீரால் 19ஆம் நூற்றாண்டில் பேல் ஏல் என்கிற வெளிர்நிற ஏலுக்குப் பெயர் வாங்கிய ஊர் அது. இந்த வட்டாரத்தில் பீரைப் பற்றிக் கருத்தில்லாத பெரியவர்களைப் பார்ப்பது அரிது. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் அதுவே குற்றம். எனவே ஊரிலிருந்து படிப்பவர்கள் ஃபிரிட்ஜ் பகுதியை எடுத்துக்கொண்டு, ஊறல் பகுதியைக் கதையாகப் படித்துவிட்டுப் போகலாம்.

ஏன் 12 என்று கேட்பார்கள். ஊரில் கடை ஜன்னலில் கையை நுழைத்ததும் கேட்கும் முதல் கேள்வி "கூலிங் இருக்கிறதா?" என்பதுதான், எந்த பிராண்ட் என்பது அதற்கு அடுத்தது. மே மாத மதுரை வெயிலுக்கும் அங்கே விற்கும் லாகர் வகை பீருக்கும் அது நியாயமான கேள்வி. இங்கே பீப்பாயிலிருந்து நேராக இறக்கும் ஏலை நிலவறையில் 11 முதல் 13 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள். சில்லென்றும் இருக்காது, அறைச் சூட்டிலும் இருக்காது. கோடையில் வந்திருந்த நண்பரின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "தம்பி, இதை ஃபிரிட்ஜில் வைக்க மறந்துவிட்டார்களா?" என்று கேட்டார். "இல்லை மாமா, இங்கே இப்படித்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. நானும் வந்த புதிதில் நம்பாதவன்தான், அதனால் வற்புறுத்தவில்லை.

சிக்கல் என்னவென்றால் வீட்டில் 12 டிகிரி என்று ஒரு இடம் கிடையாது. சமையலறை ஃபிரிட்ஜ் 4. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரி 18, 19. கராஜ் ஜனவரியில் 3, ஜூலையில் 25. வைன் ஃபிரிட்ஜ் வாங்கினால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். சிறியதில் பத்து லிட்டர் பை நுழையாது, பெரியதின் விலைக்கு இரண்டு வருடத்துக்கு மால்ட் (பீர் காய்ச்சும் முளைகட்டிய பார்லி) வாங்கலாம். அதோடு எனக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருந்த மாடல்கள் குளிர்விக்க மட்டுமே செய்தன. ஜனவரி கராஜுக்குத் தேவை சூடாக்குவதும்தான்.

ஃபிரிட்ஜ் தேடும்போது இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். ஒன்று, மேலே ஐஸ் பெட்டி இருக்கக்கூடாது. இங்கே லார்டர் ஃபிரிட்ஜ் என்பார்கள். சமையல் மேடைக்குக் கீழே நுழைகிற உயரம், உள்ளே வெறும் தட்டுகள். இரண்டாவது, வெப்பநிலையைக் கையால் திருகுகிற பழைய ரகமாக இருக்கவேண்டும். வெளியிலிருந்து ஒரு கன்ட்ரோலர் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கப்போகிறது. எண் காட்டும் புதிய ஃபிரிட்ஜ்களில் சில, ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் முதலிலிருந்து யோசிக்க ஆரம்பிக்கும். திருகு வைத்த பழசுக்கு அந்த வம்பு இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒருவர் சமையலறையைப் புதுப்பிக்கிறார் என்று தெரிந்து 25 பவுண்டுக்கு வாங்கிவந்தேன். நிற்கவைத்தே கொண்டுவந்தோம், இருந்தாலும் ஓர் இரவு அசையாமல் விட்டுவிட்டுத்தான் மின்சாரம் கொடுத்தேன்.

கன்ட்ரோலர், இங்க்பேர்ட் ஐடிசி-308. இரண்டு சாக்கெட்டுகள்: ஒன்றில் ஃபிரிட்ஜ், மற்றதில் ஹீட்டர். ஒரு சென்சார். ஃபிரிட்ஜின் சொந்தத் திருகை மிகக் குளிர்ந்த பக்கம் திருப்பிவிடவேண்டும். இல்லையென்றால் அது தன் இஷ்டத்துக்கு நின்றுவிடும். ஹீட்டருக்குக் கண்ணாடிக் குடில்களில் செடிக்கு வைக்கும் 45 வாட் குழாய் ஹீட்டர். அதை அடித்தளத்தில் கிடத்தினேன். கதகதப்பாக இருக்கும், பழுக்கச் சூடாவதில்லை. பிளாஸ்டிக் சுவரைத் தொடாமல் இருக்க இரண்டு பக்கமும் தாங்கி வைத்தேன்.

கம்பிகளை உள்ளே கொண்டுபோவதில்தான் கவனம் வேண்டும். பக்கச் சுவரில் துளை போடுகிற எண்ணம் வந்தால் டிரில்லைக் கீழே வைத்துவிடுங்கள். பல ஃபிரிட்ஜ்களில் சூட்டை வெளியே விடுகிற குழாய்கள் அந்தச் சுவருக்குள்ளேயே ஓடுகின்றன. குழாய்க்குள் இருப்பது பெரும்பாலும் ஐசோபியூட்டேன், எரியும் வாயு. பின்சுவரின் அடியில் தண்ணீர் வடிய ஏற்கெனவே ஒரு துளை இருக்கிறது, அதுவே போதும். சென்சார் கம்பி சுலபமாக நுழைந்தது. ஹீட்டரின் பிளக் நுழையாது என்பதால் அதை வெட்டி, கம்பியை வெளியே இழுத்து, 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த புதிய பிளக் பூட்டினேன். மிச்ச இடைவெளியை ஜன்னல் புட்டியால் அடைத்தாயிற்று. தண்ணீர் வடிய வழியில்லாமல் போகுமே என்றால், 12 டிகிரியில் பின்சுவரில் அவ்வளவாகப் பனி பிடிப்பதில்லை. கீழே ஒரு பழைய துண்டு போதுமானதாக இருக்கிறது.

இனி, சென்சாரை எங்கே வைப்பது என்ற பெரிய கேள்வி. முதலில் தட்டின் நடுவில் சும்மா தொங்கவிட்டேன். கன்ட்ரோலர் திரையில் எண் அழகாக 12ஐச் சுற்றியே ஆடியது. ஆனால் கம்ப்ரசர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கிளம்பி நின்றது. அது நின்றதும் காற்று சூடேற, ஹீட்டர் பிடித்துக்கொண்டது. ஒன்று குளிர்விக்க, ஒன்று சூடாக்க, இரண்டுக்கும் காசு நான் கொடுக்க. பைக்குள் இருந்த பீர் மட்டும் இந்தச் சண்டை எதிலும் கலந்துகொள்ளாமல் 15இலேயே இருந்தது. அடுத்து, சென்சாரைப் பையின் மேல் டேப் போட்டு ஒட்டினேன். பாதி சரியானது. கடைசியில் வேலை செய்த முறை இது: சென்சார் நுனி பையின் உடம்பில் அழுந்தியிருக்க, அதன் மேல் உள்ளங்கை அளவு பஞ்சு ரப்பர் துண்டு, அதற்கு மேல் அகல டேப். காற்றின் சூடு அதைத் தொடக்கூடாது, பீரின் சூடு மட்டுமே தொடவேண்டும். அளவு 12.0, மேலே 0.5, கீழே 0.5 விட்டுக்கொடுத்தல்; கம்ப்ரசர் மறுபடி கிளம்ப 5 நிமிட இடைவெளி. இப்போது கம்ப்ரசர் எப்போதாவதுதான் ஓடுகிறது. 19இல் இருக்கும் புதுப் பையை உள்ளே வைத்தால் காலையில் 12இல் இருக்கிறது.

பை வருவது அட்டைப்பெட்டிக்குள். பீர் நிறைந்ததும் பை தானாக நிற்காது என்பதற்காக அட்டை. ஆனால் அட்டை குளிரையும் தடுக்கிறது. ஈரத்தில் ஊறி அடிப்பக்கம் இளகவும் செய்தது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதே அளவுள்ள துளையிட்ட பிளாஸ்டிக் கூடைகளுக்குள் வைத்தேன். முன்பக்கம் குழாய் வெளியே வர வெட்டிவிட்டால் போதும்.

தட்டு தச்சுவேலை சின்னதுதான், ஆனால் அளவு முக்கியம். இந்த ரக ஃபிரிட்ஜ்களின் அடியில் பின்பக்கம் கம்ப்ரசருக்காக ஒரு திண்ணை இருக்கும். என்னுடையதில் அதன் உயரம் 20 சென்டிமீட்டர். அதன் மேல் பின்முனையும், இரண்டு கால்களின் மேல் முன்முனையும் நிற்கிற மாதிரி 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகை ஒன்று. பையின் குழாய் பலகை விளிம்பைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். அதற்குக் கீழே ஒரு பைன்ட் கோப்பை நிற்க 16 சென்டிமீட்டராவது வேண்டும். மேல்தட்டு ஃபிரிட்ஜின் சொந்தக் கம்பித்தட்டு. பத்து லிட்டரும் கூடையும் சேர்ந்து பதினோரு கிலோவுக்குக் குறையாது. கம்பித்தட்டு நடுவில் வளைந்ததால் அதன் கீழும் ஒரு பலகை கொடுத்தேன்.

காய்ச்சிய விவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பதிவின் விஷயம் அதுவல்ல. பிட்டருக்கு மாரிஸ் ஆட்டர் மால்ட் 3.7 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 300 கிராம். 66 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் ஊறல். பிறகு ஒரு மணி நேரக் கொதி. கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூ, கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் ரகம், கொதி தொடங்கும்போது 50 கிராம், கடைசிப் பத்து நிமிடத்தில் 30 கிராம். 22 லிட்டர் வந்தது. அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஆரம்பம் 1.040, முடிவு 1.010, ஆல்கஹால் 3.9 சதவீதம். குளிர்கால ஏலுக்கு மாரிஸ் ஆட்டர் 5.6 கிலோ, கிரிஸ்டல் 400 கிராம், சாக்லேட் மால்ட் 150 கிராம். பெயர்தான் சாக்லேட், கருக வறுத்த பார்லி அது. ஹாப்ஸ் 60 கிராம், எல்லாம் தொடக்கத்திலேயே. 20 லிட்டர், 1.064இலிருந்து 1.017, ஆக 6.2 சதவீதம். இரண்டுக்கும் ஒரே ஈஸ்ட்: எஸ்-04, 11.5 கிராம் பொட்டலம். நொதித்தல் மாடிப்படி அலமாரியில். ஒவ்வொன்றிலும் பாதி பைக்கு, மீதி பாட்டிலுக்கு. குளிர்கால ஏலை அக்டோபரிலேயே காய்ச்சிவிடவேண்டும். புதிதாகக் குடித்தால் கருகல் வாசனைதான் முன்னால் நிற்கும். இரண்டு மாதம் போனால் அது பின்னால் ஒதுங்கி, உலர்ந்த திராட்சை வாசனை வரும்.

பையில் அடைக்கும்போது சர்க்கரை அளவில் தடுமாற்றம். பாட்டிலுக்கு லிட்டருக்கு 5 கிராம் போடுவது வழக்கம். பைக்குக் குறைவாகப் போடவேண்டும் என்று தெரியும். எவ்வளவு குறைவு என்பதில் 3 கிராம் என்று வைத்தேன். மூன்றாம் நாள் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. பை ஊதி உருண்டு, கூடையை விட்டு வெளியே வந்து கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் வெறும் நுரை. பையைப் புரட்டிக் குழாயை மேலே கொண்டுவந்து, மெல்லத் திறந்து காற்றை வெளியேற்றினேன். பெருமூச்சு விட்டுத் தொய்ந்தது. அடுத்த பைக்கு லிட்டருக்கு 1.2 கிராம், பத்து லிட்டருக்கு 12 கிராம். நிலவறை ஏலில் வாயு அவ்வளவுதான் இருக்கவேண்டும். நாக்கைக் குத்தாமல் லேசாக உயிரோடு இருக்கும். இங்கேயும் வெப்பநிலைதான் பேசுகிறது: குளிர்ந்த பீரில் வாயு கரைந்து நிற்கும், சூடேறினால் வெளியே வரும். 12இல் தளர்ந்து கிடக்கிற பை, கராஜில் ஒரு மதியம் வெளியே வைத்தால் விறைத்துக்கொள்கிறது.

பையின் சிறப்பு என்னவென்றால், பீர் குறையக் குறையப் பையும் சுருங்குகிறது. உள்ளே காற்று புகாது. பப்பில் பீப்பாயைத் திறந்தால் மூன்று நாளைக்குள் தீர்க்கவேண்டும். இது இரண்டு மூன்று வாரம் தாங்குகிறது. ஒரு குடும்பஸ்தனுக்கு இந்த வேகம்தான் சரி.

அடுத்தது கைப்பம்பு. பப்பில் பார்த்திருப்பீர்கள், நீண்ட மரக்கைப்பிடி. அதை இழுத்தால் கீழே நிலவறையிலிருந்து பீர் ஏறி வரும். பழையது ஒன்று 70 பவுண்டுக்குக் கிடைத்தது. பித்தளையைத் துலக்கி, ரப்பர் வளையங்களை மாற்றி, பழைய மேசையில் பூட்டி, ஃபிரிட்ஜிலிருந்து குழாய் இழுத்து, பார்க்க அருமையாக இருந்தது. முதல் இழுப்பில் வந்த பீரில் தெர்மாமீட்டரை விட்டேன்: 18. ஃபிரிட்ஜ் 12 காட்டுகிறது, கோப்பை 18 காட்டுகிறது. காரணம் பம்பின் வயிற்றில் இருந்தது. அதன் உருளையில் எப்போதும் அரை பைன்ட், அதாவது 284 மில்லி, பீர் தங்கியிருக்கும். குழாயில் இன்னும் கொஞ்சம். முந்தின நாள் இரவிலிருந்து அது அறைச் சூட்டில் நிற்கிறது. பப்பில் நாள் முழுக்க ஆட்கள் குடிப்பதால் அது தங்குவதில்லை. நல்ல இடங்களில் உருளையைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும், காலையில் முதல் இழுப்பைக் கொட்டியும் விடுவார்கள். மாலையில் ஒரு கோப்பை குடிக்கிறவன் ஒவ்வொரு நாளும் அரை பைன்ட்டைக் கொட்டினால் பாதி பீர் சாக்கடைக்குத்தான் போகும். பம்பைக் கழற்றிவிட்டேன். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, பையின் குழாயை நேராகக் கோப்பைக்குள் திறப்பதுதான் இப்போதைய ஏற்பாடு. அழகில்லை, ஆனால் கோப்பையில் 13 காட்டுகிறது. அந்த ஒரு டிகிரி கோப்பைக் கண்ணாடியின் சூடு. கோப்பையையும் ஃபிரிட்ஜிலேயே வைத்தால் அதுவும் போய்விடும்.

பம்பு போனதால் நுரையும் போனது. பையிலிருந்து இறங்கும் பீர் தேநீர் மாதிரி மொட்டையாக நிற்கும். இதற்குக் காய்ச்சுகிறவர்கள் சொல்லும் வைத்தியம் குழந்தைகளுக்கு மருந்து ஊற்றும் ஊசியில்லாத சிரிஞ்சு. 10 மில்லி பீரைக் கோப்பையிலிருந்தே உறிஞ்சி, நுனியைப் பரப்புக்குச் சற்றுக் கீழே வைத்து, ஒரே அழுத்தாக அழுத்தவேண்டும். முதலில் பால் கலந்ததுபோல் கோப்பை முழுக்கக் கலங்கும். பிறகு அந்தக் கலங்கல் அடியிலிருந்து மேலேறி, பரப்பில் ஒரு விரல் கனத்துக்கு வெண்ணெய் மாதிரி நுரையாகப் படியும். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும். மருந்துக்கடையில் ஒரு பவுண்டுகூட ஆகவில்லை. 70 பவுண்டு பம்பு பரணில் இருக்கிறது.

எல்லாம் நிலைத்தபிறகு, நெடுநாள் சந்தேகம் ஒன்றைத் தீர்த்துக்கொண்டேன். எனக்குக் குளிர்கால ஏல் பிடிக்காது என்று பல காலமாகச் சொல்லிவந்தவன் நான். கோடையில் பிட்டர், அதுவும் நிறம் வெளிறிய கோல்டன் ஏல் என்றால் சரி. கறுப்பாக, கெட்டியாக வருவது வேண்டாம். ஆனால் அந்தக் கறுப்பு ஏல்களில் பெரும்பாலானவற்றை நான் குடித்தது கடையில் பாட்டிலாக வாங்கி, சமையலறை ஃபிரிட்ஜில் வைத்து. இப்போது இரண்டு ஏலையும் சிறு ஜாடிகளில் பிடித்து, 4, 8, 12, 16 டிகிரிகளில் வைத்து, தெர்மாமீட்டரை நனைத்து நனைத்துக் குடித்துப் பார்த்தேன்.

4இல் குளிர்கால ஏல், கரிந்த ரொட்டியின் அடிப்பக்கம். மூக்குக்கு ஒன்றுமே வரவில்லை. இனிப்பு எங்கோ ஒளிந்துகொள்ள, கசப்பு மட்டும் தனியாக நிற்கிறது. 8இல் கொஞ்சம் இளகியது. 12இல் திராட்சை வாசனை வந்தது, கருப்பட்டி வந்தது, கருகல் அவற்றுக்குப் பின்னால் போய்விட்டது. எனக்குச் சிறப்பாகப் பட்டது 13, 14. 16இல் ஆல்கஹாலின் காரம் மூக்கில் ஏறி, இனிப்பு நாக்கில் ஒட்ட ஆரம்பித்தது. பிட்டர் அப்படியில்லை. 4இல் அது மோசமில்லை, வெறும் கசப்புத் தண்ணீர். 11, 12இல் கோல்டிங்ஸ் ஹாப்ஸின் மண்ணும் பூவும் கலந்த வாசனை. 16இல் தளர்ந்து, நேற்றுத் திறந்துவைத்ததுபோல. ஆக, நான் வேண்டாமென்றது குளிர்கால ஏலை அல்ல, நான்கு டிகிரியை. லாகரை 4இல் வைத்துக் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, நானே குடிப்பேன். அதே ஃபிரிட்ஜில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, இது பிடிக்கும் அது பிடிக்காது என்று தீர்ப்புச் சொல்வதில்தான் எனக்கு இப்போது நம்பிக்கை போய்விட்டது.

இதில் இன்னொன்றும் தெரிந்தது. 4இல் வைத்த பிட்டர் ஜாடி கலங்கியிருந்தது, 12இல் வைத்தது தெளிவு. குளிரில் மால்ட்டின் புரதமும் ஹாப்ஸ், பார்லி உமியின் துவர்ப்பும் சேர்ந்து மங்கலாகும், சூடேறினால் கரைந்துவிடும். கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. தெளிவாக்கப் பழைய வழி ஐசிங்கிளாஸ், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. வீட்டுக்கு வருகிற நண்பர்களில் சைவம் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெரியாமல் மீனை ஊற்றுவது நியாயமில்லை. அதனால் கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் கடற்பாசியில் செய்த மாத்திரை பாதி போட்டதோடு சரி. பையை முதல் வாரம் முன்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தூக்கி வைத்தால் ஈஸ்ட் பின்னால் படிகிறது. முதல் கால் கோப்பையைத் தவிர மற்றதெல்லாம் தெளிவாகவே வருகிறது.

இரண்டு ஏலுக்கும் இரண்டு வெப்பநிலை வேண்டும், ஃபிரிட்ஜ் ஒன்றுதான். இங்கே ஓர் எதிர்பாராத உதவி கிடைத்தது. தொடக்கத்தில் உள்ளே எல்லா இடமும் ஒரே சூட்டில் இருக்கவேண்டும் என்று பழைய கணினியின் சிறு விசிறி ஒன்றைப் பொருத்தியிருந்தேன். அது ஒருநாள் நின்றுவிட்டது. மேல்தட்டுப் பையை அளந்தால் 13.5, கீழ்த்தட்டில் 12. சூடான காற்று மேலே போகும், ஹீட்டரும் அடியிலிருந்துதான் சூடாக்குகிறது. விசிறி இல்லாவிட்டால் இந்த ஒன்றரை டிகிரி தானாகவே அமைகிறது. விசிறியைச் சரிசெய்வதற்குப் பதில் கழற்றி எறிந்தேன். சென்சார் கீழ்த்தட்டுப் பிட்டரில், குளிர்கால ஏல் மேலே. அவ்வளவுதான்.

பிறகு கலப்பு. ஆங்கிலேயப் பப்களில் இது பழைய பழக்கம். மைல்ட் என்கிற கசப்புக் குறைந்த ஏலும் பிட்டரும் பாதிப்பாதி கேட்பார்கள். பாட்டில் லைட் ஏலைக் குழாய்ப் பிட்டரில் ஊற்றிக் குடிக்கிற தலைமுறை லண்டனில் இருந்தது. குழாய் பீர் சோர்ந்திருந்தால் பாட்டிலின் வாயு அதற்கு உயிர் கொடுக்கும். காய்ச்சும் ஆலைகளும் கலக்கின்றன. சஃபோக் மாவட்டத்து பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரின் க்ரீன் கிங் ஆலை, ஓக் மரத்தொட்டிகளில் இரண்டு ஆண்டு கிடந்த 12 சதவீத ஏலைப் புதிய ஏலோடு கலந்து ஸ்ட்ராங் சஃபோக் என்று பாட்டிலில் அடைத்தது. பெல்ஜியத்தின் ரோடன்பாக் பீரும் பழையதையும் புதியதையும் கலந்துதான் வருகிறது. எனவே கலப்பதை ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

ஹைட்ரோமீட்டர் ஜாடியில் நூறு நூறு மில்லியாக அளந்து பார்த்தேன். பாதிப்பாதி கலந்தால் 5 சதவீதத்தைத் தொடுகிறது. சுவையோ இரண்டுமில்லாமல் குழம்புகிறது. குளிர்கால ஏல் அதிகமானால் பிட்டர் எதற்கு வந்தது என்று தெரியவில்லை. மூன்று பங்கு பிட்டர், ஒரு பங்கு குளிர்கால ஏல்: கணக்குப்படி 4.5 சதவீதம். நிறம் செம்பு, கோல்டிங்ஸ் வாசனை அப்படியே மேலே, அதற்கு அடியில் ஒரு கருப்பட்டி இழை. எனக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க இதுதான். கனமானதை முதலில் ஊற்றி, பிட்டரை அதன் மேல் விட்டால் தானே கலந்துகொள்கிறது, கிளறவேண்டாம்.

இந்த விகிதம் பிடித்துப்போனதால், ஒரு பையிலேயே கலந்து வைத்துவிட்டால் இரண்டு குழாயைத் திறக்கும் வேலை மிச்சம் என்று நினைத்து, மீதிகளை மூன்றாவது பையில் புனல் வைத்து ஊற்றினேன். ஒரு வாரத்தில் ஈர அட்டை வாசனை. ஊற்றும்போது பீரில் காற்று கலந்துவிட்டது. அதுவரை காற்றே படாமல் காத்துவைத்ததெல்லாம் வீண். நாலு லிட்டர் போனது, அதில் கொஞ்சம் மாட்டிறைச்சிக் குழம்பில். கலப்பது கோப்பையில் மட்டும்.

செலவு: ஃபிரிட்ஜ் 25 பவுண்டு, கன்ட்ரோலர் 36, குழாய் ஹீட்டர் 18, பைகள் இரண்டும் சேர்த்து 18, டேப், பஞ்சு ரப்பர், பிளக் எல்லாம் 4. மொத்தம் 101. பலகை வீட்டில் கிடந்தது. பம்பின் 70 தனி. அதை இதில் சேர்க்க மனம் வரவில்லை, ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட்டுக்கு பிட்டர் ஒரு முறை காய்ச்ச 17 பவுண்டு, குளிர்கால ஏலுக்கு 24 ஆயிற்று.

பராமரிப்பில் சொல்லவேண்டியது பூஞ்சை. சாதாரண ஃபிரிட்ஜின் குளிரும் வறட்சியும் இங்கே இல்லை. 12 டிகிரி ஈரம் பூஞ்சைக்குப் பிடித்தமானது; கதவின் ரப்பர் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. நீர்த்த பிளீச் தொட்டுத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா ஒன்றை மூலையில் வைத்திருக்கிறேன். அது நிரம்பும் வேகத்தைப் பார்த்தால் கதவு ரப்பரே தளர்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்தால், கீல் பக்கம் பிடிக்கிறது, எதிர்ப்பக்கம் வழுக்கி வந்துவிடுகிறது. மாற்று ரப்பர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த முறை மாற்றப்போவது: பத்து லிட்டருக்குப் பதில் பிட்டருக்கு மட்டும் இருபது லிட்டர்ப் பை, ஏனென்றால் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிட்டர் எப்போதும் முதலில் தீர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழ்ப்பலகையை இன்னும் அகலமாக வெட்டவேண்டும். ஏப்ரலில் குளிர்கால ஏலுக்குப் பதில் கோல்டன் ஏல் வரும். அதற்கு 10 டிகிரி போதும் என்பதால் அதைக் கீழ்த்தட்டில் வைத்து, பிட்டரை மேலே ஏற்றி, சென்சாரையும் பிட்டரிலிருந்து அதற்கு மாற்றவேண்டியிருக்கும். ஹீட்டரை அதற்குள் கழற்றிவிடலாம். வெயில் வந்தபின் அதற்கு அக்டோபர்வரை வேலையில்லை.